அமெரிக்க விசிட்டர் விசா: தேதி பிடிக்கும் முன் படிவத்தைப் படியுங்கள்

மகளுக்கு மார்ச் மாதம் பிரசவம். சம்பா அறுவடை தை, மாசியில் முடிந்துவிடும். "அறுப்பு முடிஞ்ச கையோட விசாவுக்குப் போட்டா போதாதா?" என்று நினைக்கிறீர்களா? போதாது. அமெரிக்காவுக்கான நேர்காணல் தேதி கிடைக்கச் சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அவசரம் என்று சொல்லி முன்தேதி கேட்க வழி உண்டு. ஆனால் அது நெருங்கிய உறவினரின் மரணம், உயிர் காக்கும் சிகிச்சை போன்றவற்றுக்குத்தான். கல்யாணம், பட்டமளிப்பு விழா, கர்ப்பிணி உறவினருக்கு உதவி ஆகியவை அவசரக் கணக்கில் வராது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் புரோக்கர் நுழைகிறார். "சார், நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். பாஸ்போர்ட்டையும் பணத்தையும் குடுங்க, ஸ்லாட் எடுத்துத் தர்றேன்" என்பார். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, எந்த ஊராக இருந்தாலும் இந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்கலாம். தேதி கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் உங்கள் பயணத்தைத் தீர்மானிப்பது தேதி அல்ல. அதற்கு முன்பே உங்கள் பெயரில் நிரப்பப்படும் படிவம்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் யாரும் சென்னைக்கு ரயில் ஏறக் கூடாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பாஸ்போர்ட்

டெல்டா மக்களுக்குப் பாஸ்போர்ட் வேலைக்குச் சென்னை போக வேண்டியதில்லை. திருச்சி மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் தஞ்சாவூரிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரம் இருக்கிறது. போனில் 'எம்பாஸ்போர்ட் சேவா' செயலி வழியாகவே விண்ணப்பித்து, பணம் கட்டி, நாள் குறித்துக்கொள்ளலாம்.

பாஸ்போர்ட் கையில் இருந்தால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, காலாவதி தேதி. நீங்கள் ஊர் திரும்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும்படி இருப்பது நல்லது. இல்லையென்றால் முதலில் புதுப்பித்துவிட்டு, அந்தப் புதிய எண்ணிலேயே விசா வேலையைத் தொடங்குங்கள்.

இரண்டு, பெயர். இது தமிழர்களுக்கே உரிய தலைவலி. நமக்கு இனிஷியல்தான் வழக்கம், குடும்பப் பெயர் கிடையாது. அதனால் பலருடைய பாஸ்போர்ட்டில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டம் காலியாகவே இருக்கும். அமெரிக்கப் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் என்றால் அந்தப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, முதல் பெயர்க் கட்டத்தில் 'எஃப்என்யு' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைப் போட வேண்டும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் சுருக்கம் அது. விசா கைக்கு வரும்போது அந்த மூன்று எழுத்து இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ஆதாரில் இப்படி இருக்கிறது, பட்டாவில் அப்படி இருக்கிறது என்று நீங்களாக எதையும் சேர்க்காதீர்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். விமான டிக்கெட்டும் அதன்படியே இருக்கட்டும். இது அமெரிக்காவுக்கு மட்டுமான சிக்கல் இல்லை. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை வருகை விசாவில் அனுமதிப்பதில்லை. துபாய்க்கும் போகும் எண்ணம் இருந்தால், பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்ப்பது பற்றி யோசியுங்கள்.

டிஎஸ்-160: உங்கள் வாக்குமூலம்

சரி, இப்போது படிவத்துக்கு வருவோம். சுற்றுலா, உறவினரைப் பார்ப்பது, சிகிச்சை, வியாபாரச் சந்திப்பு ஆகியவற்றுக்கான தற்காலிக விசாவின் பெயர் பி-1/பி-2. அதற்கான ஆன்லைன் படிவம் டிஎஸ்-160. இது அமெரிக்க வெளியுறவுத் துறையின் தளத்தில் மட்டுமே இருக்கும். அந்தத் தளத்தின் முகவரி 'டாட் ஜிஓவி' என்று முடியும். படிவத்தை நிரப்பக் கட்டணம் கிடையாது. 'டிஎஸ்-160 கட்டணம்' என்று ஒரு தளம் பணம் கேட்டால் அது அரசுத் தளம் அல்ல, வெளியே வந்துவிடுங்கள்.

போனில் திறக்கலாம், ஆனால் கம்ப்யூட்டர்தான் வசதி. சுமார் 20 நிமிடம் ஒன்றும் செய்யாமல் விட்டால் பக்கம் தானாக மூடிக்கொள்ளும். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் சேமியுங்கள். தொடக்கத்திலேயே ஒரு விண்ணப்ப எண் வரும், ஒரு பாதுகாப்புக் கேள்வியும் கேட்பார்கள். இந்த இரண்டையும் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பாதியில் நின்றாலும் அவை இருந்தால் மறுபடி உள்ளே போகலாம்.

பதில்கள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் தமிழ் எழுதலாம். 'தாய்மொழி எழுத்தில் முழுப் பெயர்' என்று கேட்கும் கட்டம் அது. மற்றதெல்லாம் பாஸ்போர்ட் விவரம், பயண நோக்கம், எத்தனை நாள், எங்கே தங்குவீர்கள், யார் செலவு, வேலை, படிப்பு, குடும்பம். கடந்த ஐந்து ஆண்டுகளில் நீங்கள் பயன்படுத்திய சமூக வலைதளக் கணக்குகளையும் கேட்பார்கள். பேத்தி படம் பார்க்க மட்டும் திறந்த ஃபேஸ்புக் கணக்காக இருந்தாலும் எழுத வேண்டும்.

கவனமாக இருக்க வேண்டிய கேள்விகள் நான்கு.

முதலாவது, இதற்கு முன் அமெரிக்க விசா மறுக்கப்பட்டிருக்கிறதா? பத்து வருடத்துக்கு முன்பு நடந்ததாக இருந்தாலும் 'ஆம்' என்றே எழுத வேண்டும். பதிவு அவர்களிடம் இருக்கும்.

இரண்டாவது, உங்கள் நெருங்கிய உறவினர் அமெரிக்காவில் இருக்கிறாரா? "புள்ள அங்க இருக்குன்னு சொன்னா விசா தர மாட்டாங்க, இல்லன்னு போடுங்க" என்று சொல்பவர்கள் உண்டு. பிள்ளையைப் பார்க்கப் போகிறவர் பிள்ளையே இல்லை என்று எழுதினால், நேர்காணலின் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்.

மூன்றாவது, உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா? மகனோ மகளோ அமெரிக்கக் குடியுரிமை பெற்று, உங்களுக்குக் கிரீன் கார்டுக்கு மனு செய்திருக்கலாம். இது பெற்றோருக்கே தெரியாமல் போவதும் நடக்கும். படிவம் நிரப்பும் முன் ஒரு வாட்ஸ்அப் கால் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

நான்காவது, இந்தப் படிவத்தை நிரப்ப யாராவது உதவினார்களா? பிரவுசிங் சென்டர் தம்பியோ, பக்கத்து வீட்டுப் பையனோ, ஏஜென்டோ தட்டச்சு செய்திருந்தால் 'ஆம்' என்று சொல்லி அவர் விவரத்தைத் தர வேண்டும். உதவி வாங்குவது தவறே இல்லை. அதை மறைப்பதுதான் தவறு.

யார் தட்டச்சு செய்தாலும் கடைசியில் சமர்ப்பிப்பது நீங்கள். அந்த ஒரு கிளிக், "இதில் உள்ளதெல்லாம் உண்மை" என்று நீங்கள் போடும் கையெழுத்துக்குச் சமம். அதனால் அனுப்பும் முன் முழுப் படிவத்தையும் ஒருவரை வாசிக்கச் சொல்லி, தமிழில் அர்த்தம் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள். அரை மணி நேரம் ஆகலாம், ஆகட்டும்.

தவறு தெரிந்தால்? அனுப்பிய படிவத்தைத் திருத்த முடியாது, புதிதாக ஒன்று நிரப்பலாம். அப்போது புதிய உறுதிப்பக்கத்தில் 'ஏஏ' என்று தொடங்கும் புதிய எண் வரும். அப்பாயின்ட்மென்ட் கணக்கிலும் அந்த எண்ணை நாள் இருக்கும்போதே மாற்ற வேண்டும். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் நேர்காணலுக்குள் விடாமல் திருப்பி அனுப்பலாம்.

கட்டணம், இரண்டு அப்பாயின்ட்மென்ட்

படிவம் முடிந்த பிறகு, இந்தியாவுக்கான அமெரிக்க விசா அப்பாயின்ட்மென்ட் தளத்தில் கணக்கு தொடங்க வேண்டும். உங்கள் சொந்த மின்னஞ்சலும் சொந்த செல்போன் எண்ணும் கொடுங்கள். புரோக்கரின் மின்னஞ்சலில் கணக்கு தொடங்கினால், உங்கள் தேதியின் சாவி அவர் பாக்கெட்டில் இருக்கிறது என்று அர்த்தம். பணம் தராவிட்டால் மாற்றிவிடுவேன் என்று மிரட்டவும் அதுவே வழி.

பி-1/பி-2 விண்ணப்பக் கட்டணம் 2023 ஜூன் 17 முதல் ஒருவருக்கு 185 டாலர். குழந்தைக்கும் அதே தொகைதான். ரூபாயில் எவ்வளவு என்பதை நீங்கள் கட்டும் நாளில் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பி வராது.

தேதி ஒன்றல்ல, இரண்டு. முதலில் விசா விண்ணப்ப மையத்தில் கைரேகையும் புகைப்படமும் எடுப்பார்கள். பிறகு தூதரகத்தில் நேர்காணல். நம் பகுதிக்குச் சென்னையில் இரண்டுமே உண்டு. கணவன், மனைவி இருவரையும் ஒரே குழுவாகச் சேர்த்துத் தேதி எடுக்கலாம். நேர்காணல் மொழி கேட்கும் இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். "இங்கிலீஷ் தெரியாதே" என்ற தயக்கம் வேண்டாம்.

இப்போது முக்கியமான விதி. 2025 ஜனவரி 1 முதல் இந்தியாவில் தேதியை ஒரு முறை மட்டுமே கட்டணமில்லாமல் மாற்ற முடியும். இரண்டாம் முறை மாற்ற வேண்டுமென்றாலோ, தேதியைத் தவறவிட்டாலோ, மறுபடி முழுக் கட்டணம் கட்ட வேண்டும். ஆகவே ஜூன் 12 மேட்டூர் திறப்பை ஒட்டிய குறுவை வேலை, நடவு, அறுவடை, வீட்டு விசேஷம் எல்லாவற்றையும் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு தேதி எடுங்கள். "இப்போதைக்குப் போட்டு வைப்போம், அப்புறம் மாத்திக்கலாம்" என்ற பழக்கம் இங்கே செலவு வைக்கும்.

வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு இன்னொரு மாற்றம். 79 வயதைக் கடந்தவர்களுக்கும் 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் முன்பு பெரும்பாலும் நேர்காணல் விலக்கு இருந்தது. 2025 செப்டம்பர் 2 முதல் வயதை மட்டும் வைத்துக் கிடைத்த அந்த விலக்கு இல்லை. தாத்தாவும் பொதுவாக நேரில் வர வேண்டும். பழைய பத்தாண்டு விசா முடிந்து ஓராண்டுக்குள் புதுப்பிப்பவர்களில் தகுதி உள்ள சிலருக்கு மட்டும் இன்னும் விலக்கு உண்டு. கணக்கில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் நீங்கள் அதில் வருகிறீர்களா என்று தெரிந்துவிடும்.

'ஸ்லாட்' விற்பவர்கள்

தேதி கிடைக்காத நேரத்தில் டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் 'ஸ்லாட்' விற்கிறார்கள். கணினி நிரல்களை வைத்து தேதிகளை மொத்தமாக வளைத்துப் போட்டு விற்பதும் நடந்திருக்கிறது. 2025 மார்ச் மாதம், அப்படி 'பாட்'கள் மூலம் எடுக்கப்பட்ட சுமார் 2,000 அப்பாயின்ட்மென்ட்களை ரத்து செய்வதாக இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம் அறிவித்தது. அந்தத் தேதிகளுக்குப் பணம் கொடுத்தவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

ரத்தாகும் தேதிகள் தளத்தில் மறுபடி வரும். அதைப் பார்க்க உங்களுக்கே உரிமை இருக்கிறது, தனிக் கட்டணம் எதுவும் இல்லை. கணக்கின் பாஸ்வேர்டையோ ஓடிபியையோ யாரிடமும் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

என்ன ஆவணம் எடுத்துப் போவது?

விசா அதிகாரி எல்லாக் காகிதத்தையும் புரட்டிப் பார்ப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒன்றையும் பார்க்காமலே முடிவு சொல்லலாம். கட்டாயம் வேண்டியவை: பாஸ்போர்ட், பழைய பாஸ்போர்ட்கள், டிஎஸ்-160 உறுதிப்பக்கம், அப்பாயின்ட்மென்ட் கடிதம். மற்றவை கேட்டால் காட்டுவதற்கு.

விவசாயிகளுக்கு அடிக்கடி வரும் சந்தேகம், "நமக்கு வருமான வரிக் கணக்கு இல்லையே?" விவசாய வருமானத்துக்கு இந்தியாவில் வருமான வரி விலக்கு உண்டு. அதனால் பலர் கணக்கு தாக்கல் செய்திருக்க மாட்டார்கள். இல்லாத கணக்கை யாரிடமும் 'தயார்' செய்து வாங்காதீர்கள். உங்களிடம் உண்மையான ஆதாரம் இருக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் உங்கள் வங்கிக் கணக்கில்தானே வருகிறது? அந்த பேங்க் ஸ்டேட்மென்டே உங்கள் வருமானத்தைச் சொல்லும். பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணைய சேவையில் வீட்டிலிருந்தே எடுக்கலாம்.

நிலத்தின் அளவைச் சொல்லும்போது மட்டும் கவனம். நமக்கு 'மா', 'வேலி' பழக்கம். அதிகாரிக்கு அது புரியாது. மூன்று மா ஒரு ஏக்கர். இருபது மா கொண்ட ஒரு வேலி சுமார் 6.67 ஏக்கர். பட்டாவில் ஹெக்டேர் கணக்கில் இருக்கும், ஒரு ஹெக்டேர் சுமார் 2.47 ஏக்கர். படிவத்திலும் பேச்சிலும் ஏக்கரிலேயே சொல்லுங்கள்.

நேர்காணல் நாள்

தஞ்சாவூரிலிருந்து இரவு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்னை. ஆனால் ரயில் தாமதமானால் தேதியே போய்விடும் என்பதால், முடிந்தால் முந்தைய நாளே போய்த் தங்குங்கள். தூதரகம் அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி இருக்கிறது.

உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லை. ஸ்மார்ட்வாட்ச், பவர்பேங்க், பெரிய பை எதுவும் கூடாது. அதனால் போனில் பிடிஎஃப் ஆக வைத்திருப்பது உதவாது. எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்துவிடுங்கள். மகளின் அமெரிக்க முகவரியும் போன் நம்பரும்கூட காகிதத்தில் இருக்கட்டும். உடன் வருபவர் பொதுவாக வெளியே காத்திருக்க வேண்டும், போனை அவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பேச்சு சில நிமிடங்களில் முடிந்துவிடலாம். எதற்குப் போகிறீர்கள், எத்தனை நாள், யார் செலவு, மகள் என்ன வேலை பார்க்கிறார், இங்கே யார் இருக்கிறார்கள் என்பது போன்ற கேள்விகள்தான். கேட்டதற்கு மட்டும், கேட்ட உடனே, நேராகச் சொல்லுங்கள். யூடியூபில் பார்த்து மனப்பாடம் செய்த பதில் வேண்டாம். "மகளுக்குக் குழந்தை பிறக்கப் போவுது, மூணு மாசம் இருந்து பாத்துட்டு, நடவுக்கு முன்னாடி வந்துடுவோம்" என்பது உண்மையாக இருந்தால், அதுவே போதுமான பதில்.

மறுத்துவிட்டால்?

அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவுப்படி, விசிட்டர் விசா கேட்கும் ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிட நினைப்பவர் என்றுதான் முதலில் கருதுவார்கள். "இல்லை, எனக்குத் திரும்பி வர ஊரும் நிலமும் குடும்பமும் இருக்கிறது" என்று நம்ப வைக்கும் பொறுப்பு உங்களுடையது. அதில் அதிகாரிக்குத் திருப்தி இல்லை என்றால் இந்தப் பிரிவில் மறுப்பார். இது உங்கள் மீதான குற்றச்சாட்டு அல்ல, நிரந்தரத் தடையும் அல்ல. சூழ்நிலை மாறிய பிறகு மறுபடி கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். 221(ஜி) என்ற தாளைக் கொடுத்தால், கூடுதல் ஆவணமோ சரிபார்ப்போ தேவை என்று பொருள். தாளில் உள்ளபடி செய்யுங்கள்.

பொய் சொன்ன கணக்கு வேறு. முக்கியமான உண்மையை மறைத்தோ, போலி ஆவணம் காட்டியோ விசா பெற முயன்றால், அதே சட்டத்தின் கீழ் அமெரிக்கா செல்ல நிரந்தரத் தகுதியிழப்பு வரலாம். படிவத்தை நிரப்பிய ஏஜென்ட் போன் நம்பரை மாற்றிவிட்டுப் போய்விடுவார். பேரக் குழந்தையைப் பார்க்கப் போக முடியாமல் நிற்பது நீங்கள்தான். உண்மையைச் சொல்லி விசா மறுக்கப்பட்டவருக்கு அடுத்த வாய்ப்பு இருக்கிறது. பொய் சொல்லி மாட்டியவருக்கு அது கிடைப்பது மிகவும் கடினம்.

விசா வந்த பிறகு

இந்தியர்களுக்கு இந்த விசா பெரும்பாலும் பத்தாண்டுக்குத் தரப்படுகிறது. பத்தாண்டும் அங்கே இருக்கலாம் என்று அர்த்தம் அல்ல. ஒவ்வொரு பயணத்திலும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி முடிவு செய்வார். பொதுவாக ஆறு மாதம் வரை தருவார்கள். அந்தக் கடைசித் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். இறங்கியதும் மகனிடமோ மகளிடமோ சொல்லி ஆன்லைனில் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த விசாவில் சம்பளத்துக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது. அங்கே மருத்துவச் செலவு மிக அதிகம் என்பதால், கிளம்பும் முன் பயணக் காப்பீடும் எடுத்துவிடுங்கள்.

விதிகளும் கட்டணமும் அவ்வப்போது மாறும். பணம் கட்டும் முன் அதிகாரப்பூர்வ தளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள். இப்போதைக்கு உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான். பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து, காலாவதி தேதியையும் பெயர்க் கட்டத்தையும் பாருங்கள்.